குடும்ப முகாம் மாந்தோப்பிலேயே நடக்கட்டும்: நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஆயர் ஐயாவுக்கும், செயலர், பொருளாளர் உட்பட கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பில், இந்த வருஷத்துக் குடும்ப முகாம் கனகபுரா ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் நடக்கும் என்றீர்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு 4,500 ரூபாய், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி என்றும் சொன்னீர்கள். இந்த முடிவைத் தயவுசெய்து மாற்றுங்கள். இதுவரை நடந்ததுபோல ராமநகரா பக்கத்து மாந்தோப்பிலேயே கூடாரம் அடித்து முகாமை நடத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

செயலர் அண்ணனிடம் நேரிலும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கமிட்டியில முடிவாயிடுச்சும்மா" என்றார். சபையின் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுகிற விஷயம், அதனால் எல்லாரும் படிக்கும்படி வெளிப்படையாகவே எழுதுகிறேன். கமிட்டியில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. போன முகாமில் மழையில் நனைந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள்தான். அந்த ராத்திரியின் பயத்தில்தான் ரிசார்ட் யோசனை வந்தது என்று எனக்குத் தெரியும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுகிறேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 13,500 ரூபாய் ஆகிறது. நம் சபையில் இதை யோசிக்காமல் கட்டக்கூடிய குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, என் குடும்பமும் அதில் ஒன்று. ஆனால் லிங்கராஜபுரத்திலும் உல்சூரிலும் வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார் நம் சபையில் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், கொத்தனார்கள், அப்பார்ட்மென்ட் வாசலில் காவல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து, ராத்திரி கோலார் தங்கவயலுக்கு (கே.ஜி.எஃப்.) திரும்புகிற குடும்பங்களும் நம்மோடு ஆராதிக்கிறார்கள். இவர்களுக்கு 13,500 என்பது வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கட்ட வேண்டிய தொகை.

"முடியாதவர்கள் செயலரிடம் பெயர் கொடுங்கள், சபை உதவும்" என்றும் அறிவித்தீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் ஒருவரும் பெயர் கொடுக்க மாட்டார்கள், ஐயா. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இத்தனை காலம் உட்கார்ந்து பேசியவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அறிவிப்பு வந்த அன்றே மூன்று அக்காமாரிடம் கேட்டேன். ஒருவர் அன்றைக்கு ஊரில் கல்யாணம் என்றார். இன்னொருவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். மூன்றாமவர் "நீங்க போயிட்டு வாங்கக்கா, பசங்களுக்குப் பரீட்சை" என்றார். முகாம் வைத்திருக்கிற மாதத்தில் எந்தப் பள்ளியிலும் பரீட்சை கிடையாது. உதவி கேட்டு வந்தவர்கள் என்று பிள்ளைகளின் சிநேகிதர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் அவர்களுக்கு. அந்தக் கூச்சத்துக்கு நாம் இடம் வைக்கவே கூடாது.

கூடாரப் பண்டிகையைப் பற்றி உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் என்ன கட்டளை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீயும் உன் பிள்ளைகளும் மட்டும் கொண்டாடு என்று அங்கே இல்லை. வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவர்களும் சந்தோஷப்பட வேண்டும் என்று இருக்கிறது. லேவியராகமம் 23இல் இஸ்ரவேலில் பிறந்த எல்லாரும் ஏழு நாள் கூடாரத்தில் குடியிருக்க வேண்டும் என்கிறது. வசதியானவன் தன் கல் வீட்டில் இருந்துகொள்ளலாம், இல்லாதவன் குடிசையில் இருக்கட்டும் என்ற விலக்கு கிடையாது. நெகேமியாவின் காலத்தில் நெடுநாள் விட்டுப்போன அந்தப் பண்டிகையை மறுபடி ஆசரித்தபோது, வீட்டு மாடியிலும் முற்றத்திலும் ஆலய வளாகத்திலும் வீதியிலும் ஒலிவக் கிளையும் பேரீச்ச ஓலையும் கொண்டுவந்து கூடாரம் போட்டார்கள். அப்போது ஜனங்களுக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று என்று எழுதியிருக்கிறது. நம் முகாமுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாடம் எனக்குத் தெரியாது.

ரிசார்ட்டுக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பம் தன் சொந்தச் செலவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ரிசார்ட்டில் நடக்கப்போவதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை, ஒரு சாவி, ஒரு டிவி. சாப்பாட்டு நேரத்திலும் கூட்ட நேரத்திலும் மட்டும் சந்திப்போம். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலேயே செய்கிறோமே.

கூடாரத்தில் நடப்பது வேறு. போன வருஷம் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் தோப்பில் இறங்கியதும் வாடகைக் கூடாரங்களைப் பிரித்துப் போட்டோம். எலக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதாவிலும் பெரிய வேலையில் இருக்கிற நம் தம்பிமாருக்கு முளை அடிக்கத் தெரியவில்லை. நேர்க்குத்தாக அடித்தார்கள், கயிற்றை இழுத்ததும் முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. நம் சபையில் கொத்து வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வந்து, மண்ணைக் காலால் தட்டிப் பார்த்து, இங்கே சரளை, அங்கே இளகிய மண் என்று காட்டினார். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்கச் சொன்னார். கயிற்றைச் சுருக்கிட்டு இழுத்துக் கட்டும் முடிச்சை ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் வரைக்கும் "அண்ணா, இங்க வாங்க", "அண்ணா, இது சரியா" என்று தோப்பெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவருடைய மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். ஞாயிறு பள்ளியில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன். அன்றைக்கு அப்பா பின்னாலேயே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொன்னபோது அவனே எழுந்து நின்று, "எங்கப்பாவுக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

இந்த வருஷம் அந்தக் குடும்பம் வராது. நான் கேட்டுவிட்டேன்.

கே.ஜி.எஃப். தாத்தாவையும் சொல்ல வேண்டும். அவர் அங்கே இறங்கி வேலை செய்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமானது, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. 2001 பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்டதோடு அவருடைய வேலையும் போயிற்று, பிள்ளைகள் பெங்களூருக்கு வந்தார்கள், அவரும் கூட வந்தார். ஆலயத்தில் நாம் எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போகிறவர்கள்தான். முகாமில் விளக்கை அணைத்ததும் பிள்ளைகள் இருட்டு பயமாக இருக்கிறது என்றார்கள். அவர் உட்கார்ந்து, இதெல்லாம் இருட்டே இல்லை, தலை விளக்கு அணைந்தால் கீழே எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். கூண்டில் இறங்கும்போது காது அடைப்பது, பாறை வெடித்துச் சிதறும் சத்தம், கீழே இருக்கிற சூடு, ஷிப்ட் இறங்குமுன் கூடி நின்று பாடிய கீர்த்தனை, எல்லாம் சொன்னார். அந்தக் கீர்த்தனையை அவர் பாட, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் காதால் கேட்டுக் கேட்டே பாடிவிட்டார்கள். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் இந்தியும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாமாலைப் புத்தகம் திறக்காத புத்தகம். தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று வருஷா வருஷம் கமிட்டியில் பேசுகிறோம். தாத்தா பக்கத்தில் ஒரு ராத்திரி பிள்ளைகளை உட்கார வைத்தாலே அதில் பாதி நடக்கும்.

அப்புறம் வானம். சிவாஜி நகரிலும் காக்ஸ் டவுனிலும் வளர்கிற பிள்ளைகளுக்கு ஆகாயத்தில் நாலு நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். ஜனவரி மாதம் ராத்திரி எட்டு மணிக்குத் தோப்புக்கு வெளியே வெட்டவெளியில் நின்றால் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் அறுமீன் என்கிற கார்த்திகைக் கூட்டம் இருக்கும். அதற்குக் கிழக்கே மிருகசீரிஷம், அதாவது இங்கிலீஷில் ஓரியன், ஏறிவந்திருக்கும். பத்தரை மணிக்கு மேல் தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் தெரியும். யோபுவிடம் கர்த்தர் கேட்கிற கேள்விகளில் அறுமீனும் மிருகசீரிஷமும் பெயர் சொல்லியே வருகின்றன. அந்த 38ஆம் அதிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாசித்துக் கேட்கிற பாக்கியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அமாவாசையை ஒட்டிய வாரக்கடைசியாகப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் கவலைகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் நியாயமானது. ஒவ்வொன்றுக்கும் வழியும் இருக்கிறது.

மழைதான் முதல் காரணம். போன முகாமை தசரா விடுமுறை என்று அக்டோபரில் வைத்தோம். பெங்களூர்ப் பக்கம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் மழை அதிகம் பெய்கிற காலம். அதோடு, தோப்பின் தாழ்வான மூலையில் நிழல் நன்றாக இருக்கிறதென்று அங்கே கூடாரம் அடித்திருந்தது. மேட்டிலிருந்து வழிந்த தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து சேர்ந்தது. வாடகைக்கு எடுத்த கூடாரங்கள் பலவற்றுக்கு மேலே போர்த்துகிற மழைத் துணியும் இல்லை. ஜனவரியில் வைத்துக்கொண்டால் மழை அநேகமாக இருக்காது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வேலைகள் முடிந்து ஆயர் ஐயாவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இன்னும் தள்ளியிருக்கும். ராகி அறுவடை நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடுவதால் தோப்பை ஒட்டிய மேட்டு நிலம் வெறும் தரையாகக் கிடக்கும், பிள்ளைகள் ஓடி விளையாட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. குளிர் இருக்கும். விடியற்காலையில் 15 டிகிரிக்குக் கீழேயும் போகலாம். ஆளுக்கொரு கம்பளி, கூடாரத்துக்குள் தார்ப்பாய்க்கு மேல் ஒரு கோரைப்பாய், குழந்தைகளுக்குக் குல்லா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமாளிக்கலாம். ஜனவரியில் மாமரம் பூக்கிற காலம் என்பதால் மருந்து அடிப்பார்கள். எந்த நாளில் அடிக்கிறார் என்று தோப்புக்காரரிடம் கேட்டு, அதிலிருந்து தள்ளித் தேதி குறிக்க வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கழிப்பறை விஷயத்தில் பெண்கள் பட்ட கஷ்டத்தை நான் மறைக்கப்போவதில்லை. போன வருஷம் இரண்டே கழிப்பறைக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நின்றோம். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று பல பெண்கள் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். இது மறுபடி நடக்கவே கூடாது. பேரிடர் நிவாரண முகாம்களுக்கென்று உலகம் முழுவதும் பின்பற்றுகிற ஸ்பியர் கையேட்டில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கு இருக்கிறது. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிற விகிதமும் அதில் உண்டு. தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர். நாம் 120 பேர் என்று வைத்துக்கொண்டால், நடமாடும் கழிப்பறை பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு இரண்டு வாடகைக்கு எடுத்தால் போதும். இரண்டு நாளுக்கும் சேர்த்து 3,600 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு டேங்கர் லாரி தாராளமாகப் போதும். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்துக்கிடந்த பெங்களூர்க்காரர்களுக்கு அதை ஏற்பாடு செய்வது பெரிய வேலை இல்லை. கழிப்பறை வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரிய வேண்டும். உள்ளே தாழ்ப்பாளும் மாதவிடாய்த் துணிகளைப் போட மூடிவைத்த கூடையும் இருக்க வேண்டும். இதையெல்லாம் கமிட்டியில் பேசுவதற்குச் சங்கடமாக இருந்தால் எங்கள் சங்கத்திடம் விட்டுவிடுங்கள். பாளயத்துக்கு வெளியே அதற்கென ஓர் இடமும், மூடுவதற்கு மண் தோண்டும் கோலும் இருக்க வேண்டும் என்று உபாகமம் 23இல் மோசேயே சொல்லியிருக்கிறார். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"ரிசார்ட் என்றால் பெண்களுக்குச் சமையல் வேலை இருக்காது, அவர்களும் ஓய்வாக இருக்கட்டும்" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த அக்கறைக்கு உண்மையிலேயே நன்றி. அந்த ஓய்வை மாந்தோப்பிலும் கொடுக்கலாம். திருநெல்வேலிச் சீமையில் அசனம் என்கிற சபை விருந்து நடக்கும்போது ராத்திரியெல்லாம் அடுப்பருகில் நின்று அண்டாவில் சோறு வடிப்பதும் குழம்பு கிண்டுவதும் ஆண்கள்தானே? நம்மில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் அதைச் செய்தவர்கள். பெங்களூருக்கு வந்த பிறகு எப்படியோ அந்தக் கரண்டி எங்கள் கைக்கு வந்துவிட்டது. இந்த முகாமில் மூன்று வேளைச் சமையலும் ஆண்கள் பொறுப்பு என்று ஆயர் ஐயாவே அறிவியுங்கள். ஜனவரி அவரைக்காய்க் காலம். ராமநகரா சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு வேளை அவரைக்காய்க் குழம்பும் ராகிக் களியும், ஒரு வேளை ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும், காலையில் உப்புமா. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவரைக்காய் உரிக்க மட்டும் நாங்களும் வந்து உட்காருகிறோம். உரித்துக்கொண்டே பேசுகிற பேச்சை விட எங்களுக்கும் மனமில்லை.

வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தரையில் படுக்க வேண்டாம். தோப்பு வீட்டில் இரண்டு அறையும் ஒரு நீளத் திண்ணையும் இருக்கின்றன. கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றாவது வேண்டும்.

பாம்பு பற்றிய பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, வெறுந்தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது, கடித்தது வலிக்காமலும் போகலாம் என்பதெல்லாம் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியவை. அதனால்தான் தரைத்துணி சேர்த்துத் தைத்த, ஜிப் போட்டு மூடுகிற கூடாரமாக எடுக்க வேண்டும் என்கிறேன். ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும், ராத்திரி டார்ச் இல்லாமல் ஒருவரும் நடக்க வேண்டாம், காலையில் செருப்பை உதறிப் போடட்டும். ராமநகரா அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே ஒருவர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒரு வண்டி ராத்திரி முழுக்கச் சாவியோடு தயாராக நிற்க வேண்டும். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் வைத்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் சபையிலேயே நர்ஸ் அக்காமார் இத்தனை பேர் இருக்கிறார்கள், சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் அவர்களைப் பேசவிடுங்கள். அந்த மாவட்டத்தில் சில பக்கங்களில் யானையும் வருகிறது. தோப்புக்காரரிடமும் ஊராரிடமும் கேட்டுக்கொண்டு, அந்தச் சமயத்தில் நடமாட்டம் உண்டென்றால் தேதியையோ இடத்தையோ மாற்றத் தயங்கக் கூடாது.

நெருப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் இறந்ததை நம்மால் மறக்க முடியாது. ஜனவரியில் இங்கேயும் புல் காய ஆரம்பித்துவிடும். நெருப்பு மூட்டுகிற இடத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, நான்கு வாளித் தண்ணீர் வைத்து, படுக்கப்போகுமுன் ஊற்றி அணைத்துக் கையால் தொட்டுப் பார்க்கிற பொறுப்பை வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு பேருக்குக் கொடுங்கள். அந்த வாலிபர்கள் வழியில் மஞ்சனபெலே அணைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கேயும் மேகதாதுவிலும் முத்தத்தியிலும் குளிக்க இறங்கிய பிள்ளைகள் மூழ்கிய செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்.

போக்குவரத்துக்கு ராமநகரா மாதிரி வசதி வேறு இடத்தில் இல்லை. மைசூர் லைனில் ரயில் நிற்கிறது. கே.ஜி.எஃப்.இலிருந்து வருகிறவர்கள் ரயில் மாறியே வந்துவிடலாம். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ்ஸில் கர்நாடகப் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அம்மாவும் மகளும் செலவில்லாமல் வரலாம். ஆட்டோ வைத்திருக்கிற நம் அண்ணன்மார் குடும்பத்தோடு ஆட்டோவிலேயே வர நினைப்பார்கள். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் போகக் கூடாது, சர்வீஸ் ரோட்டில்தான் வர வேண்டும். அதனால் ஆலயத்திலிருந்தே ஒரு பி.எம்.டி.சி. பஸ்ஸை ஒப்பந்தத்துக்கு எடுத்துவிடுவது நல்லது. கார் வைத்திருக்கிற குடும்பங்களும் அந்த பஸ்ஸிலேயே வந்தால் முகாம் ஆலய வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

நிகழ்ச்சி நிரலையும் கொஞ்சம் குறையுங்கள். போன முகாமில் செய்தி, வினாடி வினா, பட்டிமன்றம், மறுபடி செய்தி என்று அடுக்கியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் காலியாக இருக்கட்டும். மைக் செட் வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டமும் விடாது, பக்கத்து ஊர்க்காரர்களும் தூங்க வேண்டும். நாம் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களையும் அழையுங்கள்.

மறுபடி பணத்துக்கே வருகிறேன், என் முக்கியமான வேண்டுகோள் அங்கேதான் இருக்கிறது. போன முகாமுக்குத் தலைக்கு 800 ரூபாய் வாங்கினீர்கள். கழிப்பறை, நல்ல கூடாரம், பஸ் எல்லாம் சேர்த்தால் செலவு கூடும். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். மொத்தச் செலவு எவ்வளவு என்பதை அறிவிப்புப் பலகையில் வெளிப்படையாக எழுதிப் போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் எழுதாத ஒரு கவர் கொடுங்கள், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். ரிசார்ட்டுக்கு 13,500 கொடுக்கத் தயாராக இருந்த குடும்பங்கள் அதில் பாதியைப் போட்டாலே மொத்தச் செலவும் வந்துவிடும். நூறு ரூபாய் போடுகிறவரும் அதே கவரைத்தான் போடுவார். முகாமுக்கு வருகிறவர்களின் பெயரை எழுதுகிற பதிவேட்டில் பணத்துக்கென்று ஒரு பத்தியே இருக்கக் கூடாது. குறைந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைத் தரலாம் என்று எங்கள் தலைவியிடமும் பேசியிருக்கிறேன், கூட்டத்தில் வைத்துச் சொல்கிறேன் என்றார்.

ரிசார்ட்டுக்கு இந்த மாதக் கடைசியில்தான் முன்பணம் கட்டப்போகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரையும் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்லி இதைக் கேளுங்கள். கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம், சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். தோப்புக்காரரிடம் ஜனவரிக்கு இடம் கிடைக்குமா என்று போனில் கேட்டேன், இரண்டு வாரக்கடைசி காலியாக இருக்கிறதாம். கழிப்பறை வாடகை, கூடார வாடகை, டேங்கர், பஸ் ஆகியவற்றுக்கு நாலைந்து இடத்தில் விலை விசாரித்து எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. கமிட்டி கூடுகிற அன்றைக்கு அதைக் கொண்டுவந்து தருகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
பெண்கள் ஐக்கிய சங்க அங்கத்தினர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு